அப்பாவின் விவிட்டார் 283 ஃபிளாஷ், என் இஓஎஸ் 300 கேமரா: மாட்டலாமா, கூடாதா?

கஸ்பா 35:
எல்லோருக்கும் வணக்கம். நான் வேலூர் கஸ்பா. அப்பா இருபது வருஷத்துக்கு மேல் கல்யாணப் படம் எடுத்தவர். வீட்டுப் பரணில் இருந்து அவருடைய விவிட்டார் 283 ஃபிளாஷ் கிடைத்தது. ஜிப் போட்ட ரெக்சின் பையிலேயே இருந்ததால் தூசி அதிகம் இல்லை. நல்லவேளையாக யாரோ பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள்; உள்ளே ஸ்பிரிங்கில் கொஞ்சம் பச்சைப் பூப்பு மட்டும்தான். அடியில் 'ஜப்பான்' என்று அச்சிட்டிருக்கிறது.

என்னிடம் இருப்பது கேனன் இஓஎஸ் 300. 1999-இல் வந்த மாடல், மாமா கொடுத்தது. அதிலேயே ஒரு குட்டி ஃபிளாஷ் இருக்கிறது, ஆனால் மண்டபத்தில் மூன்றாவது வரிசைக்கு மேல் வெளிச்சம் போகவில்லை. 283-இன் அடிப்பாகம் கேமராவின் ஷூவில் (ஃபிளாஷ் மாட்டும் மேல் பள்ளம்) அழகாக நுழைகிறது. பேட்டரி போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா? அப்பா "போடுடா, ஒண்ணும் ஆகாது" என்கிறார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

காட்பாடி சர்க்யூட்:
நில்லுங்கள், மாட்டாதீர்கள். ஷூவில் நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று அர்த்தம் இல்லை.

அந்தக் காலக் கேமராவில் ஷட்டர் முழுக்கத் திறந்ததும் உள்ளே இரண்டு சிறு தகடுகள் ஒன்றையொன்று தொடும். அவ்வளவுதான் ஸ்விட்ச். அதன் வழியே 200, 250 வோல்ட் போனாலும் தகடு தாங்கிவிடும். அதனால் பழைய ஃபிளாஷ் செய்தவர்கள் ட்ரிக்கர் வோல்ட்டேஜை, அதாவது அந்த ஸ்விட்ச் வழியே போகும் வோல்ட்டேஜை, குறைக்க மெனக்கெடவில்லை. இஓஎஸ் மாதிரி கேமராவில் தகட்டுக்குப் பதில் சின்னதாக ஒரு செமிகண்டக்டர் இருக்கிறது. பெரும்பாலான இஓஎஸ் பிலிம் பாடிகளுக்கு 6 வோல்ட்தான் எல்லை என்று கேனன் சொல்லி வந்தது. அதன் தலையில் 200 வோல்ட்டை இறக்கினால் முதல் நாளே போகலாம், பத்து ரோல் கழித்தும் போகலாம். பத்து ரோல் கழித்துப் போனால் எதனால் போனது என்றுகூடத் தெரியாது.

283 நீண்ட காலம் விற்ற மாடல். ஆரம்பத்தில் ஜப்பானில் செய்தவற்றில் வோல்ட்டேஜ் மிக அதிகம். பின்னால் கொரியா, சீனாவில் செய்தவை பெரும்பாலும் பத்து வோல்ட் அளவில்தான் இருக்கும். ஆனால் ஊர்ப் பெயரை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அளந்து பாருங்கள்.

கஸ்பா 35:
எப்படி அளப்பது? வீட்டில் மல்டிமீட்டர் இல்லை. சத்துவாச்சாரியில் டிவி ரிப்பேர் செய்யும் நண்பன் ஒருவன் இருக்கிறான்.

காட்பாடி சர்க்யூட்:
அவன் போதும். மீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட் நிலையில் வைக்கச் சொல்லுங்கள். புது பேட்டரி நாலு போட்டு ஃபிளாஷை ஆன் செய்து, ரெடி லைட் (சார்ஜ் ஏறியதைக் காட்டும் விளக்கு) வந்த பிறகும் இரண்டு நிமிஷம் பொறுங்கள். ஃபிளாஷ் பாதத்தின் நடுவில் இருக்கும் வட்டப் புள்ளியில் சிவப்பு முனை. பக்கவாட்டில் ஷூ தகட்டைத் தொடும் உலோகத்தில் கறுப்பு முனை. எண் மைனஸில் வந்தால் துருவம் தலைகீழ் என்று பொருள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரே கொஞ்சம் மின்சாரம் இழுக்கும், அதனால் காட்டுவதைவிட உண்மை அளவு சற்று அதிகமாக இருக்கும்.

ஈரக் கையால் பாதத்தைத் தொடாதீர்கள். முக்கியமாக, ஃபிளாஷைத் திறக்கவே கூடாது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் நிற்கும். ஆளைக் கொல்லக்கூடியது. உங்கள் நண்பன் டிவிக்காரன் என்பதால் தைரியமாகத் திறந்துவிடுவான், அதனால்தான் சொல்கிறேன்.

வாலாஜா பழைய ஸ்டுடியோ:
தம்பி, காட்பாடிக்காரர் சொன்னதோடு இன்னொன்று. பரணில் பல வருஷம் கிடந்த ஃபிளாஷைப் போட்டதும் பட்டென்று அடிக்கக் கூடாது. கப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிசாக ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். வேலை இல்லாமல் கிடந்தால் அது தேய்ந்துபோகும், மின்சாரம் கசியும். சார்ஜ் ஏற ஏறப் படலம் மறுபடி வளரும். ஆகவே ஆன் செய்து ரெடி லைட் வந்ததும் அடிக்காமல் ஐந்து, பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள். அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏற்றுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்த பிறகு டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஆரம்பத்தில் ரெடி லைட் வர நேரமாகும். போகப்போகச் சுருங்கினால் ஃபிளாஷ் பிழைத்துவிட்டது. கடைசிவரை வரவே இல்லை, பெட்டி சூடாகிறது என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

பச்சைப் பூப்பை எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, பிறகு வெறும் ஈரத் துணி, பிறகு நன்றாகக் காயவிடுதல். சாறு உள்ளே வழியக் கூடாது.

நானும் ஒரு தடவை பட்டிருக்கிறேன். டிஜிட்டல் வருவதற்கு முன், ஸ்டுடியோவுக்குப் புதிதாக ஒரு ஆட்டோ போகஸ் பாடி வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. கைப்பிடி வைத்த பழைய பெரிய ஃபிளாஷை ஒயரில் மாட்டி ராணிப்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தம் எடுத்தேன். அன்று எல்லாம் சரி. மறுவாரம் ஆற்காட்டில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. ஷட்டர் அழுத்தாமலே ஃபிளாஷ் தானாக அடிக்கிறது. ரெடி லைட் வரும், உடனே அடிக்கும், மறுபடி வரும், மறுபடி அடிக்கும். உள்ளே ஸ்விட்ச் உருகி ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குப் பழைய மெக்கானிக்கல் கேமராவை வைத்துத்தான் முடித்தேன்.

ஆற்காடு நிக்கான்:
நிக்கான்காரர்களுக்கு இதில் நிம்மதி கொஞ்சம் அதிகம். 250 வோல்ட் வரை பரவாயில்லை என்பது நிக்கான் தன் எஸ்எல்ஆர் கையேடுகளிலேயே போட்டிருக்கும் கணக்கு. நான் எஃப் 100 கேமராவில் எஸ்பி 28 ஃபிளாஷ் போடுகிறேன். இரண்டும் ஒரே காலத்துப் பொருள், டிடிஎல் (கேமராவே வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷை நிறுத்துவது) முழுக்க வேலை செய்கிறது. எனக்குச் சிக்கல் வந்தது எதிர்ப்பக்கம். புது ஃபிளாஷ் நல்லது என்று எஸ்பி 900 வாங்கினேன், அதில் பிலிம் கேமராவுக்கான டிடிஎல் இல்லவே இல்லை. எஸ்பி 600, எஸ்பி 800 வரைதான் அது இருந்தது. புதியது எல்லாம் பழையதையும் தாங்கும் என்று நினைத்துப் பணத்தை இறக்காதீர்கள்.

மினோல்ட்டா வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: 1988-இல் ஐ வரிசை வந்தபோது ஷூவின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். அடாப்டர் இல்லாமல் பழைய ஃபிளாஷ் நுழையாது.

ஆம்பூர் புதுசு:
நான் வேறு மாதிரி நினைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இத்தனை சிரமம் எதற்கு? கேனன் 430இஇசட், 380இஎக்ஸ் ஃபிளாஷ் எல்லாம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. இஓஎஸ் 300-இல் மாட்டினால் கேமராவே எல்லாம் பார்த்துக்கொள்ளும். ஒரு ரோல் பிலிம், கழுவும் கூலி, சென்னைக்குக் கூரியர் என்று செலவழித்துவிட்டு, எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) தப்பிப் போனால் யாருக்கு நஷ்டம்?

கஸ்பா 35:
அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம்தான். பணம் சேர்ந்தால் வாங்கவும் செய்வேன். ஆனால் அப்பா இந்த ஃபிளாஷை வைத்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார். இது பரணில் கிடக்கும்போது புதிதாக ஒன்று வாங்க மனசு வரவில்லை. ஒரு தடவையாவது இதில் படம் எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும்.

இன்று மாலை நண்பன் கடைக்குப் போனேன். பெரியவர் சொன்னபடி நேற்றே மூன்று முறை சார்ஜ் ஏற்றி இறக்கிவிட்டேன். ஆன் செய்ததும் 'கீய்ய்ங்' என்று ஒரு சத்தம் மெல்லிதாகக் கிளம்பி, ஏறிக்கொண்டே போய்க் காதுக்கு எட்டாமல் மறைந்தது. சின்ன வயதில் மண்டபங்களில் அப்பா பக்கத்தில் நின்று கேட்ட அதே சத்தம். ரெடி லைட் வந்தது. நண்பன் மீட்டர் முனைகளை வைத்தான். 41, 130, 187 என்று ஏறி 214-இல் நின்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான், "இதையா கேமராவில் மாட்டப் போன?" என்றான்.

காட்பாடி சர்க்யூட்:
214. நேராக மாட்டும் பேச்சே வேண்டாம். இனி இரண்டு வழி.

ஒன்று, வெய்ன் சேஃப்-சிங்க் மாதிரி நடுவில் வைக்கும் அடாப்டர். கேமரா ஷூவில் அது, அதன் மேல் ஃபிளாஷ். 200 வோல்ட்டைத் தன்னோடு நிறுத்தி, கேமராவுக்கு 6 வோல்ட்டுக்கும் கீழே கொடுக்கும். வாங்கியதும் அதன் அடியிலும் மீட்டர் வைத்துச் சரிபாருங்கள். விளம்பரத்தை நம்பிக் கேமராவைப் பணயம் வைக்காதீர்கள்.

இரண்டு, ஆப்டிகல் ஸ்லேவ். கேமராவின் குட்டி ஃபிளாஷ் அடிக்கும் வெளிச்சத்தைக் கண்டு பெரிய ஃபிளாஷ் அடிக்கும். கேமராவுக்கும் பெரிய ஃபிளாஷுக்கும் ஒயர் தொடர்பே இல்லை. ஆனால் குட்டி ஃபிளாஷ் அளவு பார்க்க முன்கூட்டியே ஒரு தடவை மின்னும் வகை என்றால் ஸ்லேவ் அதற்கே அடித்துத் தீர்த்துவிடும்; ஷட்டர் திறக்கும்போது பெரிய ஃபிளாஷ் காலியாக இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: பிலிம் போடாமல் பின் கதவைத் திறந்து, லென்ஸை வெள்ளைச் சுவரைப் பார்த்து வைத்து, பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஷட்டரை அழுத்துங்கள். செவ்வகம் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தால் ஃபிளாஷும் ஷட்டரும் ஒன்றாக வேலை செய்கின்றன. இருட்டாக இருந்தால் இல்லை. அடாப்டர் போட்டாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

ரேடியோ ட்ரிக்கர் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரிசீவருக்கும் ஒரு வோல்ட்டேஜ் எல்லை உண்டு. கேமராவைக் காப்பாற்றி ரிசீவரை எரித்த ஆட்கள் இருக்கிறார்கள்.

வாலாஜா பழைய ஸ்டுடியோ:
ஆம்பூர்த் தம்பி எக்ஸ்போஷர் தப்பும் என்று பயந்ததற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலருக்குத் தெளிவு இல்லை. டிடிஎல் இல்லாவிட்டால் கணக்குப் போட்டே சாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

283-இன் முன்பக்கம், தலைக்குக் கீழே, ஒரு சின்ன கண் இருக்கிறது பாருங்கள். ஃபிளாஷ் அடித்த வெளிச்சம் மாப்பிள்ளை, பெண் மேல் பட்டுத் திரும்பும்போது அந்தக் கண் அளந்துகொண்டே இருக்கும். போதும் என்றதும் ஃபிளாஷை நிறுத்திவிடும். எல்லாம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடியும் வேலை. மீதமிருக்கும் சார்ஜ் வீணாகாமல் கப்பாசிட்டரிலேயே தங்கும். தைரிஸ்டர் என்று பெருமையாகப் பெயர் போட்டிருப்பது அதற்குத்தான். கிட்டத்தில் அடித்தால் ரெடி லைட் உடனே வந்துவிடுவதும் அதனால்தான்.

டிடிஎல் என்பதும் இதே வேலைதான். கண் மட்டும் கேமராவுக்குள், பிலிமைப் பார்த்தபடி இருக்கும். அதன் நன்மை லென்ஸில் ஃபில்டர் போட்டாலோ, மிகக் கிட்டத்தில் எடுத்தாலோ தெரியும். ஃபிளாஷின் கண்ணுக்கு ஃபில்டர் இருப்பது தெரியாது. பகல் வெயிலில் நிழலை மட்டும் நிரப்பவும் டிடிஎல் மேல், அங்கே ஆம்பூர்த் தம்பி சொல்வது சரி. ஆனால் மண்டபத்துக்குள் இந்தப் பழைய கண் போதும். எங்கள் தலைமுறை ஆயிரக்கணக்கான ஆல்பத்தை இதை வைத்துத்தான் போட்டது.

செய்ய வேண்டியது: கேமராவை எம்-இல் (மேனுவல்) வையுங்கள். பிலிம் வேகத்தை ஃபிளாஷ் டயலில் வையுங்கள். டயலில் நாலு வண்ணம் வரும். ஒரு வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு நேரே ஒரு அப்பெர்ச்சரும் (லென்ஸ் திறப்பின் அளவு), எவ்வளவு தூரம் வரை எட்டும் என்பதும் இருக்கும். அந்த அப்பெர்ச்சரை லென்ஸுக்குக் கொடுங்கள். முடிந்தது. ஜரிகை அதிகமுள்ள ஆரணிப் பட்டு பிரேம் முழுக்க வந்தால் கண் ஏமாறும், லென்ஸை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) திறந்துகொள்ளுங்கள். தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்ப வைத்தாலும் கண் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருக்கும், அதுதான் இந்த மாடலின் அழகு. மஞ்சளோ பச்சையோ அடித்த கூரை என்றால் வேண்டாம், எல்லோர் முகமும் அந்த நிறத்துக்குப் போய்விடும்.

ரெடி லைட் வந்ததும் அடிக்காமல் இரண்டு மூன்று விநாடி பொறுக்கப் பழகுங்கள். முழு சார்ஜ் ஏறும் முன்பே அந்த லைட் வந்துவிடும்.

ஆற்காடு நிக்கான்:
ஐயா சொல்லாமல் விட்டது ஷட்டர் வேகம். இஓஎஸ் 300-க்கு சிங்க், அதாவது ஃபிளாஷோடு வைக்கக்கூடிய அதிகபட்ச வேகம், 1/90 விநாடி. கேனன் ஃபிளாஷ் போட்டால் கேமரா தானாக அதற்குள் நிற்கும். 283 போட்டால் ஃபிளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. நீங்கள் 1/500 வைத்தாலும் எடுத்துவிடும், படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும்.

கஸ்பா 35:
அடாப்டர் வந்து சேர மூன்று வாரம் ஆனது, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. நண்பன் கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தோம், கேமரா பக்கம் 6-க்குக் கீழேதான். பின் கதவைத் திறந்து பார்த்தபோது செவ்வகம் முழுக்க வெளிச்சம் தெரிந்தது. அப்பாவையும் பார்க்கச் சொன்னேன். அவர் காலத்தில் இப்படித்தான் சோதிப்பார்களாம்.

சித்தி பெண் வளைகாப்பில் ஒரு ரோல், ஐஎஸ்ஓ 400. முதல் நாலு படத்தில் மேலே கறுப்புப் பட்டை. 90-இல் வைத்த டயல் பையில் உரசி 125-க்குப் போயிருக்கிறது, ஒரே ஒரு கிளிக். மற்றவை எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. வளையல் அடுக்கிய கை, மூன்றடி தூரத்தில், ஒவ்வொரு கண்ணாடி வளையலின் விளிம்பும் தனித்தனியாகத் தெரிகிறது.

வாலாஜா பழைய ஸ்டுடியோ:
மேலே விழுந்ததா பட்டை? சரிதான், உங்கள் ஷட்டர் செங்குத்தாக ஓடுவது. எங்கள் துணி ஷட்டர் கேமராக்களில் பக்கவாட்டில் விழும், ஓரத்தில் நிற்கும் மாமனாரை வெட்டிவிடும். டயலில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

குடியாத்தம் தறி:
இத்தனை நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என்னிடமும் இதே மாதிரி 283, ஆனால் கொரியா. அளந்ததில் 9 வோல்ட். கேமரா நிக்கான் எஃப் 80. அதில் பிரச்சினை இல்லை என்று புரிந்தது. என் கேள்வி வேறு. வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. விடியற்காலையில் அம்மனின் சிரசு (தலை) ஊர்வலம் வரும், கூட்டம் தோளோடு தோள். போன வருஷம் ஃபிளாஷை ஆட்டோ நிலையில் வைத்து எடுத்தேன். முன்னால் நிற்பவர்களின் பின்மண்டையும் தூக்கிய கைகளும் வெள்ளை வெளேர் என்று வந்தன, அம்மன் முகம் இருட்டில் போய்விட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் நேரம். மிகவும் வருத்தமாக இருந்தது.

வாலாஜா பழைய ஸ்டுடியோ:
அங்கே கண்ணை நம்பக் கூடாது. அது கிட்டத்தில் இருக்கும் தலையைப் பார்த்துவிட்டு 'போதும்' என்று நிறுத்திவிடுகிறது. மேனுவலில் வையுங்கள், முழு வெளிச்சம் போகட்டும்.

கணக்கு இதுதான். 283-இன் கைட் நம்பர் (ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் எண்) ஐஎஸ்ஓ 100-க்கு மீட்டரில் 36. ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு இரண்டு மடங்கு, 72. இதைத் தூரத்தால் வகுத்தால் அப்பெர்ச்சர். சிரசு ஆறு மீட்டரில் வரும் என்றால் 72-ஐ ஆறால் வகுக்க 12, அதாவது எஃப் 11. ஆனால் கைட் நம்பர் என்பது சுவரும் கூரையும் உள்ள அறைக்குப் போட்டது. திறந்த தெருவில் திரும்பிவர எதுவும் இல்லை. ஒரு ஸ்டாப் திறந்து எஃப் 8 வையுங்கள். நெகட்டிவ் பிலிம் கொஞ்சம் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது.

தரையில் நிற்காதீர்கள். தெரிந்தவர் வீட்டுத் திண்ணையோ மாடிப்படியோ பார்த்து, முன்தலைகளுக்கு மேலே உயரத்தில் நில்லுங்கள். எங்கே நிற்பது என்பதை முந்தின நாளே போய் ஆறு மீட்டரை அடி வைத்து அளந்து, அந்த இடத்தில் என்ன கடை, என்ன கம்பம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிரசு அந்தக் கம்பத்துக்கு நேரே வரும்போது மட்டும் அழுத்துங்கள். போகஸும் அங்கேயே பூட்டி இருக்கட்டும். முழு சக்தியில் அடித்தால் மறுபடி ஏறப் பத்து விநாடிக்கு மேல் ஆகும், அதற்குள் அம்மன் தாண்டிவிடுவாள். உங்களுக்கு ஒரு படம்தான், தம்பி. இரண்டாவது கிடைத்தால் அவள் கொடுத்தது.

குடியாத்தம் தறி:
மிக்க நன்றி ஐயா. அத்தை வீட்டு மாடிப்படி அந்தத் தெருவில்தான் இருக்கிறது. எதிரே சைக்கிள் கடை. ஞாயிற்றுக்கிழமை போய் அளந்துவிடுகிறேன்.

பேட்டரி சாதா அல்கலைனா, சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் வகையா?

காட்பாடி சர்க்யூட்:
சார்ஜ் செய்யும் வகை. தேவைப்படும் நேரத்தில் மின்சாரத்தை வேகமாகக் கொடுக்கும், ரெடி லைட் சீக்கிரம் வரும். முந்தின இரவு சார்ஜ் ஏற்றி, காலையில் கிளம்பும் முன் இரண்டு தடவை வெறுமனே அடித்துப் பாருங்கள்.

கஸ்பா 35:
வளைகாப்புப் படங்களை அப்பாவிடம் கொடுத்தேன். முதலில் கறுப்புப் பட்டை விழுந்த நாலையும் தனியாக எடுத்து வைத்தார். பிறகு ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலையைக் கூரைக்குத் திருப்பினியா?" என்று கேட்டார். இல்லை, நேராகத்தான் அடித்தேன் என்றேன். நெற்றியில் எண்ணெய் மின்னுவதைக் காட்டினார். அடுத்த மாதம் வாணியம்பாடியில் ஒரு கல்யாணம், வெள்ளைக் கூரை மண்டபம்தானாம், அவருக்கு நன்றாகத் தெரியுமாம். கூட வருகிறேன் என்கிறார்.